யுபிஐ முதல் தட்கல் வரை: சர்வர் நம்மிடம் ‘கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்வது ஏன்?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நண்பகல் வாக்கில் நாடு முழுக்க யுபிஐ திணற ஆரம்பித்தது. கியூஆர் ஸ்கேன் ஆகிறது, பின் நம்பரும் போட்டாச்சு, ஆனால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போச்சா, போகலையா என்று கொடுத்தவருக்கும் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் 26-ஆம் தேதியும் யுபிஐ இப்படிப் படுத்திருந்தது.

இவ்வளவு பெரிய சிஸ்டம் விழுந்தால் முதலில் வரும் சந்தேகம், யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா என்பதுதான். காரணம் அதைவிடச் சாதாரணமானது. யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ பிறகு சொன்ன விளக்கத்தின்படி, சில வங்கிகளின் சிஸ்டம்கள் ‘செக் டிரான்சாக்‌ஷன்’ என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தன. ‘இந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?’ என்பதுதான் அந்தக் கேள்வி. பழைய பரிவர்த்தனைகளைப் பற்றியும் விடாமல் கேட்டிருக்கின்றன. வெளியிலிருந்து யாரும் தாக்கவில்லை. வீட்டுக்காரர்களே வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த மாதம் சிஸ்டம் சுமந்த பளு என்ன என்று பார்த்தால் விஷயம் புரியும். 2025 மார்ச்சில் மட்டும் யுபிஐ-யில் சுமார் 1,830 கோடி பரிவர்த்தனைகள் நடந்தன. ஒரு நாளைக்கு 59 கோடி. இரவு பகல் எல்லாம் சேர்த்துச் சராசரி போட்டாலே நொடிக்கு ஏறத்தாழ 6,800. மதிய நேரத்தில் இது இன்னும் ஏறும். இப்போது சிஸ்டம் லேசாக மெதுவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே ‘பெண்டிங்’ பரிவர்த்தனைகள் கூடும். ஒவ்வொரு பெண்டிங்குக்கும் வங்கி ‘என்ன ஆச்சு?’ என்று கேட்கும். கேள்விகள் கூடக் கூட சிஸ்டம் இன்னும் மெதுவாகும். அதனால் பெண்டிங் இன்னும் கூடும். இந்தச் சுழல் தானாக நிற்காது. யாராவது ஒருவர் வாசலில் நின்று ‘இவ்வளவு பேர்தான், மத்தவங்க கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்வதற்குப் பெயர்தான் ‘ரேட் லிமிட்டிங்’. ஒரு சிஸ்டத்துக்குள் குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை கனெக்‌ஷன்கள், எத்தனை கோரிக்கைகள் வரலாம் என்று வரம்பு வைப்பது. கேட்க எளிது. யாரை எண்ணுவது, எதை எண்ணுவது என்று இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு கனெக்‌ஷனுக்கு என்ன செலவு?

உங்கள் போன் ஒரு சர்வருடன் பேசத் தொடங்கும் முன் மூன்று சின்னச் செய்திகள் பரிமாறப்படும். ‘வரலாமா?’ என்று போன் கேட்கும். ‘வாங்க, நீங்கதானே கூப்பிட்டீங்க?’ என்று சர்வர் கேட்கும். ‘ஆமா, நான்தான்’ என்று போன் உறுதி செய்யும். டிசிபி என்ற நெறிமுறையின் தொடக்கம் இது. இரண்டாவது செய்தியை அனுப்பியதும், மூன்றாவது வரும்வரை சர்வர் அந்த நபருக்காக மெமரியில் ஓர் இடம் பிடித்து வைத்துக் காத்திருக்க வேண்டும்.

பொய் முகவரிகளிலிருந்து முதல் செய்தியை மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால்? மூன்றாவது செய்தி வரவே வராது. காத்திருப்போர் பட்டியல் நிரம்பிவிடும். நிஜமாக வருகிறவருக்கு இடம் இருக்காது. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் இப்படித்தான் நாள்கணக்கில் முடக்கப்பட்டது. அதே ஆண்டில் டேனியல் ஜே. பெர்ன்ஸ்டீன் ஓர் அழகான தீர்வை முன்வைத்தார். சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். தான் அனுப்பும் பதிலின் வரிசை எண்ணுக்குள்ளேயே தேவையான கணக்கைப் பொதிந்து அனுப்பிவிட வேண்டும். மூன்றாவது செய்தி வந்தால் அந்த எண்ணை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. ‘சின் குக்கி’ என்ற இந்த முறை இன்றும் லினக்ஸில் இருக்கிறது.

ஆனால் இது வாசல்படி வரைக்கும்தான். உள்ளே வந்துவிட்டவருக்கு வேறு செலவுகள் இருக்கின்றன. என்கிரிப்ஷனுக்கு சிபியு வேண்டும், வேலையைச் செய்ய ஒரு புராசஸ் வேண்டும், கடைசியில் டேட்டாபேஸ் வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நிறுவி, எதையும் மாற்றாமல் விட்டால் ஒரே நேரத்தில் 100 கனெக்‌ஷன்கள்தான். முன்னால் எத்தனை சர்வர் வைத்து ஆயிரம் பேரை வரவேற்றாலும் பின்னால் இருக்கும் வாசலில் 100 பேர்தான் நுழைய முடியும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. மூன்று நொடியில் பொறுமை இழக்கும் ஆப், ஐந்து நொடி எடுத்துக்கொள்ளும் சர்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப் மூன்றாவது நொடியில் கனெக்‌ஷனை விட்டுவிட்டு மறுபடி கேட்கும். சர்வரோ பழைய கோரிக்கைக்கு இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். எழுந்து போய்விட்ட டேபிளுக்கு தோசை சுடுவது மாதிரி. அடுப்பு முழு வேகத்தில் எரிகிறது, ஆனால் ஒருவருக்கும் சாப்பாடு போய்ச் சேரவில்லை. திணறும் சர்வரின் சிபியு 100 சதவீதத்தில் ஓடுவதும், ஒரு பயனருக்கும் வேலை நடக்காமல் இருப்பதும் ஒரே நேரத்தில் சாத்தியமாவது இப்படித்தான். அதனால்தான் பாதி பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு மீதி பேருக்கு ஒழுங்காகப் பரிமாறுவது, எல்லோரையும் உட்காரவைத்து யாருக்கும் போடாமல் இருப்பதைவிட மேல்.

உண்டியல் கணக்கு

வரம்பு வைக்க எளிய வழி, நிமிடத்துக்கு 100 என்று எண்ணுவது. நிமிடம் மாறினால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பல ஆப்களில் முதலில் எழுதப்படும் கோடு இதுதான். ஓட்டையும் இதில்தான். 10 மணி 0 நிமிடம் 59-ஆவது நொடியில் 100 பேர், அடுத்த நொடியில் நிமிடம் மாறியதும் இன்னொரு 100 பேர். விதி மீறப்படவில்லை, ஆனால் இரண்டு நொடியில் 200 பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

இதைச் சரிசெய்யத்தான் ‘டோக்கன் பக்கெட்’. ஓர் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அதிகபட்சம் 20 காசுகள் பிடிக்கும். நொடிக்கு 5 காசு தானாக விழும், நிரம்பிவிட்டால் மேலே விழுவது வீண். உள்ளே வர ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு காசு எடுக்க வேண்டும். நான்கு நொடி யாரும் வராவிட்டால் உண்டியல் நிறைந்திருக்கும். திடீரென்று 20 பேர் சேர்ந்து வந்தாலும் எல்லோரும் உள்ளே போகலாம். 21-ஆவது ஆள் அடுத்த காசு விழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காத்திருக்க வேண்டும். நீண்ட நேரத்துக்குப் பார்த்தால் நொடிக்கு 5 பேர்தான், ஆனால் இயல்பான சின்னச் சின்னக் கூட்டங்களுக்கு இடம் உண்டு.

அந்த 20 என்ற எண் முக்கியம். மனிதர்கள் சீராக வருவதில்லை. ஒரு வெப் பக்கத்தைத் திறந்தாலே படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் என்று பத்துப் பதினைந்து கோரிக்கைகள் ஒரே நேரத்தில் போகும், பிறகு ஒரு நிமிடம் மௌனம். வேகத்துக்கு மட்டும் வரம்பு வைத்து இந்தக் கூட்டத்துக்கு இடம் விடாவிட்டால், நல்ல பயனர்தான் முதலில் மாட்டுவார்.

எதை எண்ணுவது?

கனெக்‌ஷன்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதும், அவை வரும் வேகத்துக்கு வரம்பு வைப்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது 2023-இல்.

எச்டிடிபி 2 என்ற நெறிமுறையில் ஒரே கனெக்‌ஷனுக்குள் பல கோரிக்கைகளை ஒரே சமயத்தில் அனுப்பலாம். ஒரு சமயத்தில் இத்தனை கோரிக்கைதான், உதாரணமாக 100, என்று சர்வர்கள் வரம்பு வைத்திருந்தன. தாக்கியவர்கள் செய்தது இவ்வளவுதான்: கோரிக்கையை அனுப்புவது, அடுத்த கணமே ‘வேண்டாம், கேன்சல்’ என்று சொல்வது. கேன்சல் ஆனதும் கணக்கில் ஒன்று குறையும். எனவே கணக்கு 100-ஐத் தொடவே தொடாது. ஆனால் ஒவ்வொரு கோரிக்கையையும் வாங்கி, பிரித்து, வேலையைத் தொடங்கி, பிறகு கைவிடும் செலவு சர்வருக்கு. ‘ரேப்பிட் ரீசெட்’ என்று பெயர் பெற்ற இந்தத் தாக்குதலில் கூகுள் பதிவு செய்த உச்சம், நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள். கிளவுட்ஃபிளேர் பார்த்தது நொடிக்கு 20.1 கோடி.

வாசலில் நின்ற காவலாளி, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை முறை கதவு திறந்து மூடியது என்று எண்ணவில்லை.

யாரை எண்ணுவது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். பெரும்பாலான சிஸ்டம்கள் ஐபி முகவரியை வைத்து ஆளை அடையாளம் காண்கின்றன. ‘ஒரு ஐபிக்கு நிமிடத்துக்கு இத்தனை’ என்பதுதான் வழக்கமான விதி. ஆனால் இந்தியாவில் ஒரு ஐபி என்பது ஓர் ஆள் இல்லை.

பழைய ஐபிவி4 முறையில் உலகம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. இந்தியாவில் மட்டும் 90 கோடிக்கும் மேற்பட்ட இணைய இணைப்புகள். கிடைத்ததைப் பங்கு போட, மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. ஓஎம்ஆரில் இருக்கும் ஓர் அலுவலகத்தில் ஆயிரம் பேர் வேலை பார்த்தாலும் வெளியுலகுக்கு அவர்கள் ஒன்றிரண்டு ஐபிகள்தான். காலேஜ் ஹாஸ்டலும் அப்படித்தான். ஒரு ஆள் ஸ்கிரிப்ட் ஓடவிட்டால் பக்கத்து அறைக்காரருக்கும் சேர்த்துக் கதவு மூடும்.

இதன் நிஜமான பாதிப்பு 2021-இல் கோவின் தளத்தில் தெரிந்தது. 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசிப் பதிவு ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குத் திறந்தது. தளம் தொடக்கத்திலேயே தடுமாறினாலும் அன்று ஒரே நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். பதிவு கிடைத்தது, ஸ்லாட் கிடைக்கவில்லை. ஸ்லாட் திறந்த சில நொடிகளில் தீர்ந்துபோனது. ஸ்லாட் விவரங்களை யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பொது ஏபிஐ ஒன்றை அரசு கொடுத்திருந்ததால், புரோகிராமர்கள் அலெர்ட் அனுப்பும் பாட்களை எழுதினார்கள். சென்னையைச் சேர்ந்த ஒருவர் உருவாக்கிய அலெர்ட் சேவையும் அதில் பிரபலம். பலருக்கு அது உண்மையிலேயே உதவியது.

பிறகு அரசு வைத்த வரம்பு: ஒரு ஐபிக்கு 5 நிமிடத்தில் 100 அழைப்புகள். அதோடு, பொது ஏபிஐ தரும் தகவல் 30 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்றும் அறிவித்தார்கள். சிஸ்டத்தைக் காப்பாற்ற இது தேவைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 அழைப்பு 5 நிமிடத்தில் என்றால் மூன்று நொடிக்கு ஒன்று. தன் ஊரின் மாவட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது தாராளம். நாட்டின் 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்களையும் பார்த்து அலெர்ட் அனுப்ப நினைப்பவருக்கு ஒரு சுற்று முடியவே 35 நிமிடம் ஆகும். ஆனால் கிளவுடில் பத்து சர்வர் வாடகைக்கு எடுக்கத் தெரிந்தவருக்குப் பத்து ஐபி கிடைக்கும். வரம்பும் பத்து மடங்காகிவிடும். ஐபியை எண்ணும் விதி, ஒரே வைஃபையைப் பகிர்ந்துகொள்ளும் ஹாஸ்டலை நெருக்கும், காசும் கோடிங்கும் தெரிந்தவரை விட்டுவிடும். ஸ்மார்ட்போனே இல்லாதவர் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பது தனிக் கதை.

புதிய ஐபிவி6-இல் பிரச்னை தலைகீழ். அதில் ஒரு வீட்டு இணைப்புக்கோ போனுக்கோ சாதாரணமாகக் கிடைக்கும் தொகுதியிலேயே, பழைய ஐபிவி4 உலகத்தின் மொத்த முகவரிகளைப் போல 400 கோடி மடங்குக்கும் மேல் முகவரிகள் இருக்கும். ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி வரம்பு வைத்தால், ஒருவர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது முகவரி போட்டுக்கொண்டே வரலாம். அதனால் ஐபிவி6-இல் தனி முகவரியை எண்ணாமல், அந்தத் தொகுதியை, அதாவது முகவரியின் முதல் 64 பிட்டை, ஒரே ஆளாக எண்ண வேண்டும். ஐபிவி4-க்கு எழுதிய கோடை அப்படியே ஐபிவி6-க்கும் ஓடவிடுவது நம் ஊர் ஸ்டார்ட்அப்களில் சகஜமான தவறு.

‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது?

வரம்பைத் தாண்டி வருகிறவரிடம் சர்வர் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். ஒன்று, பதிலே சொல்லாமல் விடுவது. அப்போது எதிர்முனை, செய்தி வழியில் தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்ப அனுப்பும். லினக்ஸ் இப்படி 1 நொடி, 2 நொடி, 4 நொடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், இரண்டு நிமிடத்துக்கும் மேல் முயன்றுவிட்டுத்தான் கைவிடும். தாக்க வந்தவனை இப்படிக் காக்க வைப்பது சரி. நல்ல பயனரை அப்படிச் செய்தால் அவருக்குக் காரணமே தெரியாது, நெட் ஸ்லோ என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்துவார்.

இன்னொன்று, வெளிப்படையாகச் சொல்வது. இதற்கென்றே எச்டிடிபியில் 429 என்ற எண் 2012-இல் சேர்க்கப்பட்டது. ‘அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள்’ என்று பொருள். எத்தனை நொடி கழித்து வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லட்சம் பேரிடமும் ‘60 நொடி கழிச்சு வாங்க’ என்று சொன்னால், சரியாக 60-ஆவது நொடியில் லட்சம் பேரும் வந்து நிற்பார்கள். அதனால் ஆப் எழுதுகிறவர் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். அந்த நேரத்தோடு கொஞ்சம் முன்பின்னாக ஏதோ ஓர் எண்ணைக் கலக்கவும் வேண்டும். ஒருவர் 53-ஆவது நொடியில் வருவார், இன்னொருவர் 71-இல். இரண்டு வரிக் கோடுதான். ஏப்ரல் 12-ஐப் போன்ற நாட்களில் அந்த இரண்டு வரியின் மதிப்பு தெரியும்.

யுபிஐ-யில் பிறகு என்ன மாறியது?

ஏப்ரல் 26-ஆம் தேதியே என்பிசிஐ வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு பரிவர்த்தனை தொடங்கி 90 நொடி கழித்துத்தான் முதல் முறை ‘என்ன ஆச்சு?’ என்று கேட்க வேண்டும், அதிகபட்சம் மூன்று முறைதான் கேட்கலாம், அதுவும் முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள். மே மாதம் வந்த அடுத்த சுற்றறிக்கை இன்னும் பரவலானது. அதன்படி 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு ஆப்பில் ஒரு வாடிக்கையாளர் நாளொன்றுக்கு 50 முறைதான் பேலன்ஸ் பார்க்கலாம். மொபைல் நம்பருடன் இணைந்த கணக்குகளின் பட்டியலை 25 முறை. ஓடிடி சந்தா, இஎம்ஐ போன்ற ஆட்டோபே பிடித்தங்களைக் காலை 10 முதல் பகல் 1 வரையும், மாலை 5 முதல் இரவு 9.30 வரையும் ஓடவிடக் கூடாது.

செய்திகளில் பெரிதாக வந்தது பேலன்ஸ் விஷயம்தான். ‘யாருப்பா 50 தடவை பேலன்ஸ் பாக்குறது?’ என்று மீம்கூடப் போட்டார்கள். சவுண்ட்பாக்ஸ் வாங்காத ஒரு தள்ளுவண்டிக்காரரை யோசித்துப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுகிறார்கள், எஸ்எம்எஸ் தாமதமாக வருகிறது. பணம் வந்ததா என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பேலன்ஸ் பார்ப்பதைவிட நம்பகமான வழி என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு 80 பேர் வாங்கினால் 50 போதாது. வரம்பு ஆப்புக்கு ஆப் தனி என்பதால் இரண்டாவது ஆப் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் சராசரிப் பயனருக்கு ‘தாராளம்’ என்று தோன்றும் எண் இன்னொருவருக்கு வியாபார நேரத்தில் கதவை மூடும். ஒவ்வொரு வெற்றிகரமான பரிவர்த்தனையோடும் மீதமுள்ள பேலன்ஸையும் வங்கி சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்வது, கேட்க வேண்டிய தேவையையே குறைக்கும் நல்ல யோசனை. 50 என்ற எண்ணைவிட அதுதான் பேசப்பட்டிருக்க வேண்டும்.

என் பார்வையில் அந்தச் சுற்றறிக்கையின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. மனிதர் யாரும் அழுத்தாமல், ஆப்களும் வங்கிகளும் பின்னணியில் தாமாக அனுப்பும் அழைப்புகளை உச்ச நேரத்தில் கட்டுப்படுத்தச் சொன்னதுதான் அது. ஏப்ரலில் சிஸ்டத்தைத் திணறடித்தது இத்தகைய மெஷின்களின் கேள்விகள்தான். இன்னொரு விஷயம்: ‘அளவாக அனுப்புங்க’ என்று அனுப்புகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது வேறு, மையத்திலேயே எண்ணித் தடுப்பது வேறு. எதிர்முனையின் ஒழுக்கத்தை நம்பி வைக்கும் வரம்பு, எல்லாம் நன்றாக ஓடும் நாளில் மட்டுமே வேலை செய்யும்.

தட்கல்: ஆளையே எண்ணினால்?

ஐபி சரிப்படாது என்றால் அடுத்த வழி, அடையாள அட்டை. காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஏசி அல்லாத வகுப்பு என்று தட்கல் திறக்கும்போது ஐஆர்சிடிசி தளத்தில் நடக்கும் போர் நமக்கெல்லாம் அனுபவம். 2025 மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவானதாக ரயில்வே அறிவித்தது. நொடிக்கு 530. அதே அறிவிப்பில் இன்னொரு தகவல்: முதல் ஐந்து நிமிடங்களில் வரும் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை பாட்கள். பாட்களை வடிகட்டப் புதிய ஏற்பாடு செய்ததாகவும், 2.5 கோடி கணக்குகளை முடக்கியதாகவும் ரயில்வே சொன்னது.

2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே ஆன்லைன் தட்கல் என்று ஆனது. ஏஜென்ட்டுகளுக்கு முதல் 30 நிமிடம் அனுமதி இல்லை. ரேட் லிமிட் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது எண்ணும் அலகை ஐபியிலிருந்து மனிதருக்கு மாற்றுவது. ஐபியை வாடகைக்கு எடுக்கலாம், ஆயிரம் ஆதாரைத் திரட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை. விலையும் உண்டு: ஒரு ரயில் டிக்கெட்டுக்கு நம் அடையாளத்தை முழுசாக நீட்ட வேண்டியிருக்கிறது. அதோடு, வரம்பு கூட்டத்தை ஒழுங்குபடுத்தும், இருக்கையைக் கூட்டாது.

உங்கள் சர்வரில்

சொந்தமாக ஒரு சின்ன சர்வர் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இணையத்தில் திறந்து வைத்த எந்த எஸ்எஸ்ஹெச் வாசலையும் பாஸ்வேர்டு ஊகிக்கும் பாட்கள் தேடி வந்துவிடும். உபுண்டுவின் யுஎஃப்டபிள்யு ஃபயர்வாலில் ‘லிமிட்’ என்று ஒரு விதி உண்டு. 30 நொடிக்குள் ஒரே ஐபியிலிருந்து 6 முறை முயன்றால் அது தடுக்கும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளுக்குள்ளேயே இன்னொரு நுட்பமான வரம்பு இருக்கிறது. லாகின் முடிக்காத கனெக்‌ஷன்கள் 10-ஐத் தொட்டதும், புதிதாக வருகிறவற்றில் 30 சதவீதத்தைக் குலுக்கல் முறையில் கழற்றிவிடும். கூட்டம் கூடக் கூட அந்தச் சதவீதம் ஏறி, 100 கனெக்‌ஷனில் முழுத் தடையாகும். பாட்கள் மொய்க்கும்போதும் உங்களுக்கு உள்ளே நுழைய ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கும். 2024-இல் வந்த 9.8 பதிப்பிலிருந்து, தொடர்ந்து தப்பாக முயலும் முகவரிகளைச் சிறிது நேரம் ஒதுக்கி வைக்கும் வசதியும் தானாகவே இயங்குகிறது.

என்ஜின்எக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். அதன் வேக வரம்பை மட்டும் போட்டு, திடீர்க் கூட்டத்துக்கான அளவைச் சொல்லாமல் விட்டால் அது பூஜ்யம். உண்டியலில் சேமிப்பே இல்லை என்று அர்த்தம். வரம்பு தாண்டினால் அது வழக்கமாகச் சொல்லும் எண் 503, அதாவது சர்வர் கோளாறு. அதை 429 என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவில் அலாரம் அடித்து உங்களையே எழுப்பும்.

இவை எல்லாம் உங்கள் சர்வர் வரை வந்து சேர்ந்த கூட்டத்துக்குத்தான். உங்கள் இணைப்பு 1 ஜிகாபிட், தாக்க வருவது 10 ஜிகாபிட் என்றால் சர்வரில் எந்த விதி போட்டும் பயனில்லை. குழாய் முன்னாலேயே அடைத்துக்கொண்டுவிட்டது. அங்கே உங்கள் ஹோஸ்டிங் நிறுவனமோ, கிளவுட்ஃபிளேர் போன்ற இடைநிலைச் சேவையோதான் மேலேயே வடிகட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. எஸ்எஸ்ஹெச்சுக்கு வரம்பு போடும் முன் உங்கள் அலுவலக ஐபியை விலக்குப் பட்டியலில் சேருங்கள். இன்னொரு டெர்மினலில் ஏற்கெனவே லாகின் ஆன ஒரு செஷனை மூடாமல் வையுங்கள். விதியைச் சோதிக்கிறேன் என்று ஆறாவது முறை கனெக்ட் செய்பவர் பெரும்பாலும் அந்த விதியை எழுதியவராகத்தான் இருப்பார்.